நெல்லை விடச் சொல்லும் புத்திசாலிகள்

துப்பாக்கியைக் குறைத்தால் வெண்ணெய் கூடும் என்று வளைகோடு போட்டுப் படித்தவர்கள், "டெல்டாக்காரன் ஏன் நெல்லையே கட்டிக்கொண்டு அழுகிறான்?" என்கிறார்கள்.

அய்யா, ஐப்பசி அடைமழையில் நீடாமங்கலம் பக்கம் வந்து பாருங்கள். தண்ணீர் தேங்கிய களிமண்ணில் பருத்தி போட்டால் வேர் அழுகும். சம்பாவை விட்டால் பதிலுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அப்புறம் என்ன வாய்ப்புச் செலவு? உளுந்தோ சம்பா அறுப்புக்கு முன்பே ஈர வயலில் தெளிக்கிறார்கள், மிச்ச ஈரத்திலேயே விளைகிறது. நெல்லைக் குறைக்காமலே பருப்பு! (இது எந்த வளைகோட்டில் வருமோ.)

பேச வேண்டியது குறுவையைப் பற்றி. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. அப்போது போர்வெல் இல்லாதவன் குறுவை போட வழியில்லாமல் இருந்தது. மழை மட்டும் நம்பி அங்கே வேறென்ன போடலாம், சொல்லுங்கள். நெல்லுக்கு ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம். மக்காச்சோளத்துக்கு?