வெயிலும் நுழைவுச்சீட்டும்

ஜூன் விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: இந்த முறை எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது? செந்தோசாவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸா, பாலத்தைத் தாண்டி இஸ்கந்தர் புத்ரியிலுள்ள லெகோலேண்டா, இன்னும் சற்றுத் தொலைவு போய்ச் சன்வே லகூனா என்று பிள்ளைகள் அடுக்குகிறார்கள். பெற்றோர் நுழைவுச்சீட்டின் விலையைக் கணக்கிடுகிறார்கள். எந்த விளையாட்டில் முதலில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது, எங்கே நின்று படம் எடுப்பது என்பனவெல்லாம் முதல் நாளே முடிவாகிவிடுகின்றன. வெயிலைப் பற்றி மட்டும் பேச்சு எழுவதில்லை. யாராவது எழுப்பினாலும், “நமக்கு என்ன புதிதா? பிறந்ததிலிருந்து பார்க்கும் வெயில்தானே!” என்ற பதில் வந்துவிடும்.

இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. வெப்ப நாட்டில் பிறந்தவர் என்பதால் மட்டும் ஒருவரின் உடல் வெயிலுக்குப் பழகிவிடுவதில்லை. வெயிலில் தொடர்ந்து உழைக்கும்போதுதான் அது பழகுகிறது. அதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாள் பிடிக்கும். பழகிய உடல் விரைவில் வியர்க்கத் தொடங்கும்; வியர்வையில் உப்பை அதிகம் இழக்காது. உழைப்பை நிறுத்திவிட்டால் சில வாரங்களில் அந்த ஆற்றலும் குறைந்துவிடும். குளிரூட்டப்பட்ட பேருந்து, பெருவிரைவு ரயில், கடைத்தொகுதி, துணைப்பாட நிலையம், படுக்கையறை என்று நாளைக் கழிக்கும் ஒருவர், வெயில் நாட்டில் வாழ்ந்தாலும் வெயிலில் வாழவில்லை. காற்பந்துக் குழுவில் நாள்தோறும் பயிற்சி செய்யும் மாணவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால், தம்மால் முடிவதெல்லாம் தம் பாட்டியாலும் ஐந்து வயதுத் தம்பியாலும் முடியும் என்று அவர் நினைத்துவிடக்கூடும்.

2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 பாகை செல்சியசை எட்டியது. 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்ச அளவும் அதுவே. அந்த மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பள்ளிகள் பல, சீருடைக்குப் பதிலாக உடற்கல்வி உடையில் வர மாணவர்களுக்கு அனுமதி தந்தன. மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவானது. இத்தகைய எண்கள் செய்தித்தாளின் முதல் பக்கத்தைப் பிடிக்கின்றன. ஆயினும், பூங்காவுக்குப் போகும் குடும்பத்துக்கு உண்மையில் தேவைப்படும் எண் வேறொன்று. அதன் பெயர் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை. பெயர் நீளமானது, பொருள் எளிதுதான்.

மனித உடல் வியர்வையைக் கொண்டுதான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வியர்வை தோலில் வழிந்தோடினால் பயனில்லை. அது ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாவது தடைபடும். எனவே, 32 பாகை வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் கொண்ட நாள், 36 பாகை வெப்பமும் வறண்ட காற்றும் கொண்ட நாளைவிடக் கொடுமையாக இருக்க முடியும். ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை காற்றின் வெப்பத்தோடு ஈரப்பதம், வெயிலின் கடுமை, காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 1950களில் அமெரிக்கப் படைவீரர்கள் பயிற்சியின்போது வெயிலில் சுருண்டு விழுந்ததைத் தடுக்க உருவாக்கப்பட்ட அளவை இது. இதில் பத்தில் ஏழு பங்கு ஈரத்தைக் காட்டும் அளவுக்கே தரப்பட்டுள்ளது. காற்றின் சாதாரண வெப்பநிலைக்குக் கிடைப்பதோ பத்தில் ஒரு பங்குதான்!

சிங்கப்பூரில் இந்த அளவை அடிப்படையாகக் கொண்ட ஆலோசனை 2023ஆம் ஆண்டு ஜூலையில் அறிமுகமானது. 31 பாகைக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. 31 முதல் 33க்குள் நடுத்தரம். 33ஐ எட்டினால் அதிகம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் எவரும் இதைப் பார்க்கலாம். மலேசியாவில் எச்சரிக்கை முறை வேறு. அங்கே ஓரிடத்தின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. எல்லை தாண்டிப் போகும் குடும்பம் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எச்சரிக்கை இல்லை என்பதற்காக வெயில் இதமாக இருக்கிறது என்று பொருளாகாது. விளையாட்டுக்கான வரிசை எத்தனை நிமிடம் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியைப் பார்ப்பவர்கள், இந்த எண்ணையும் இரண்டு முறை பார்த்தால் நேரம் ஒன்றும் வீணாகிவிடாது.

கடிகாரமும் பலரை ஏமாற்றுகிறது. சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னுக்கு நகர்த்தின. அதனால், இங்கே சூரியன் வானின் உச்சியை அடைவது பிற்பகல் 1 மணியளவில்தான். காற்றும் தரையும் அதற்குப் பின்னரும் சூடேறிக்கொண்டே இருக்கும். 12 மணிக்குச் சாப்பிட அமர்ந்து, “உச்சி வெயில் போய்விட்டது” என்று 1 மணிக்கு வெளியே வருபவர்கள், சரியாக அது வந்துசேரும் நேரத்தில்தான் வருகிறார்கள். கூட்டமில்லாத காலை வேளையில் வெட்டவெளி விளையாட்டுகளை முடித்துவிட்டு, மதிய உணவைச் சற்றுத் தள்ளிப்போட்டு, பிற்பகல் 1 முதல் 4 வரை கூரைக்குள் நடக்கும் காட்சிகளுக்கும் உணவுக்கும் ஒதுக்குவதே அறிவுடைமை. மழை பெய்துவிட்டால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. பெய்த மழை நின்று மீண்டும் வெயில் அடிக்கும்போது தரையிலிருந்து எழும் ஈரம் காற்றை இன்னும் கனமாக்கிவிடும். கெந்திங் மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே குளிராடைதான் தேவைப்படும்.

இவையெல்லாம் தெரிந்தவர்களும் பூங்காவுக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறார்கள். காரணம் வெயிலன்று, நுழைவுச்சீட்டு. “இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கிறோம், ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கக் கூடாது” என்ற எண்ணம் எல்லாரையும் விரட்டுகிறது. தலைவலி வந்தால் மறைக்கிறார்கள். கழிவறைக்கு அடிக்கடி போக நேரும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். தாத்தா, “நீங்கள் போங்கள், நான் இங்கேயே நிற்கிறேன்” என்று சொல்லி, நிழலில்லாத இடத்தில் எல்லாருடைய பைகளையும் காத்துக்கொண்டு நிற்கிறார். செலவழித்த பணம் செலவழிந்ததுதான். ஒருவர் மயங்கி விழும்வரை சுற்றினால் அது திரும்பி வரப்போவதில்லை. இரண்டு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது அந்தச் சீட்டின் ஒரு பகுதி என்றே கருத வேண்டும்.

நண்பர்களோடு போகும் மாணவர்களிடம் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. “எனக்கு முடியவில்லை” என்று முதலில் சொல்பவர் கேலிக்கு ஆளாவார். ஆகவே, எவரும் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருக்க, குழு முழுவதும் வெயிலில் நடந்துகொண்டே இருக்கும். புறப்படுவதற்கு முன்பே ஓய்வு நேரத்தைத் திட்டத்தில் எழுதிவிட்டால் எவரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

நீர்ப் பூங்காவில் வெயில் சுடாது என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. நீரில் விளையாடும்போதும் உடல் வியர்க்கிறது. தோல் நனைந்திருப்பதால் அது தெரிவதில்லை. குளிர்ச்சியில் தாகமும் தெரியாது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் தோலைத் தாக்கும். நீண்ட கை வைத்த நீச்சல் உடை இங்கே நல்ல துணை. வெயில் காப்புக் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து எழுந்த பிறகும் மீண்டும் பூச வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்? நிறையப் பொருள் வேண்டாம். சுமையே சோர்வைக் கூட்டும். தண்ணீர்ப் போத்தல், அகன்ற விளிம்புள்ள தொப்பி, சிறு துண்டு, கொஞ்சம் உப்பு பிஸ்கட், மாற்றுச் சட்டை ஆகியவை போதும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். முதியவர்களுக்கு இது மிகவும் தேவை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும். நாள் முழுவதும் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதும் சரியன்று. இழந்த உப்பை உணவு ஈடுசெய்ய வேண்டும். கையடக்க மின்விசிறி வைத்திருப்போர், முகத்தையும் கழுத்தையும் நனைத்த பிறகு அதை இயக்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். நீர்க் காட்சிக்காக வாங்கிய நெகிழி மழையங்கியைக் காட்சி முடிந்த பின்னும் கழற்றாமல் சுற்றுபவர்களைப் பூங்காக்களில் பார்க்கலாம். அவர்கள் தங்களைத் தாங்களே வேகவைத்துக்கொள்கிறார்கள்! குழந்தையின் தள்ளுவண்டியைத் துணியால் மூடுவது அதைவிட ஆபத்தானது. நிழல் தருவதாக எண்ணிப் போடப்படும் துணி காற்றைத் தடுத்து, வண்டிக்குள் வெப்பத்தைச் சேர்த்துவிடுகிறது.

“எல்லாவற்றையும் வருகையாளரே செய்துகொள்ள வேண்டுமா? பூங்காவுக்குப் பொறுப்பில்லையா?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அந்த அருமையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பூங்காவைக் கட்டுபவர்கள். 1983ஆம் ஆண்டு தோக்கியோவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, கலிஃபோர்னியாவில் திறந்தவெளியாக இருந்த நுழைவுத் தெருவை அப்படியே நகலெடுக்கவில்லை. ஜப்பானின் மழைக்கும் குளிருக்கும் ஏற்ப அதற்குக் கண்ணாடிக் கூரை போட்டார்கள். ஓர் ஊரின் வானிலையைப் பொறுத்துத்தான் பூங்கா அமைய வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் வரிசை நிற்கும் இடமெல்லாம் கூரையும் காற்றோட்டமும் இருக்க வேண்டும். இலவசக் குடிநீர்க் குழாய், தேடி அலையாமல் கிடைக்க வேண்டும். இவற்றை வருகையாளர்கள் கருத்துப் படிவத்தில் எழுதிக் கேட்பதில் தவறில்லை. விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதுகிறார்கள்?

அந்தப் படிவத்தில் வேறொரு வகைப் புகாரும் வருவதுண்டு. வேடமணிந்த கலைஞர் ஐந்து நிமிடத்திலேயே உள்ளே போய்விட்டார், அணிவகுப்பைச் சுருக்கிவிட்டார்கள் என்பன போன்றவை. இது நியாயமற்றது. தடித்த பஞ்சு வேடத்துக்குள் இருப்பவரின் வியர்வை ஆவியாக வழியே இல்லை. அவர் சிறிது நேரம் நின்று உள்ளே போவது சோம்பலால் அன்று. சிங்கப்பூரில் மனிதவள அமைச்சு 2023ஆம் ஆண்டு அக்டோபரில், ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை 32 பாகையை எட்டினால், வெளிப்புறத்தில் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது 10 நிமிட ஓய்வு நிழலில் தரப்பட வேண்டும் என்று அறிவித்தது. கட்டுமானத் தளத்தில் கம்பி சுமப்பவர் வேறு, கரடி வேடம் போட்டவர் வேறு என்று உடலுக்குத் தெரியாது. குப்பை கூட்டுபவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர், வாகன நிறுத்துமிடத்தில் கைகாட்டி நிற்பவர் ஆகியோரும் வருகையாளர்களைவிட நீண்ட நேரம் அதே வெயிலில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு விளையாட்டு சற்றுத் தாமதமானால் முகம் சுளிக்காமல் இருப்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

முன்னேற்பாடு எல்லாம் செய்த பிறகும் ஒருவர் சோர்ந்துபோகலாம். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். அவரைக் குளிர்ந்த இடத்துக்கு அழைத்துச் சென்று, உடையைத் தளர்த்தி, சிறிது சிறிதாக நீர் தந்து, உடலை நனைத்து விசிறிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடுவார். பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் விழித்தால், நினைவு தப்பினால் அது வெப்பவாதமாக இருக்கக்கூடும். உடலின் உள் வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிட்ட நிலை அது, உயிருக்கே ஆபத்தானது. நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊழியரை அழைத்துவிட்டு, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டியோ குளிர்ந்த ஈரத்துணியோ வைத்து, உதவி வரும்வரை உடலைக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவ ஊர்தியை அழைக்கச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. பூங்காவின் முதலுதவி அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காலையில் வரைபடத்தை விரித்தபோதே பார்த்துவைத்தவர்கள் அந்த நேரத்தில் அதைத் தேட வேண்டியிருக்காது.