புது பம்ப், பழைய காற்று

டீசல் காருக்கு பம்ப் மாற்றுவது சின்னச் செலவல்ல. பழசைக் கழற்றி, பம்ப் ரூமுக்கு அனுப்பி, பெஞ்சில் ஏற்றி கேலிபரேஷன் பார்த்து, அதுவும் சரிப்படாமல் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவதற்குள் டாக்ஸிக்காரர் என்றால் பல நாள் ஓட்டம் போயிருக்கும். கடைசியில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி செல்ஃப். மறுபடி. பேட்டரி இளைக்கும் வரை. அதற்குப் பிறகு கேட்கும் வாக்கியம் உத்தரபாராவிலிருந்து ஊட்டி வரை அநேகமாக ஒன்றுதான், மொழி மட்டும் மாறும்: "பம்ப் டூப்ளிகேட் போலிருக்கு சார்."

பெரும்பாலும் அப்படியில்லை. டூப்ளிகேட் சரக்கு சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் பம்ப் மாற்றும்போது மாறியது பம்ப் மட்டுமல்ல என்பதுதான் இங்கே விஷயம். டீசல் வரும் குழாய்கள் திறக்கப்பட்டன. வாஷர்கள் கழன்றன. ஒரு ஒயர் பிடுங்கப்பட்டது. பெல்ட்டோ கியரோ பிரிக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. கோளாறு இந்த நாலில் ஒன்றில் இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொரு பம்புக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் இவற்றைப் பார்ப்பது லாபம்.

முதலில், எந்த பம்ப்? டாங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது ஃபீட் பம்ப். அதை வாங்கி, அளந்து, அழுத்தி, சரியான நொடியில் நாசிலுக்கு அனுப்புவது இன்ஜெக்ஷன் பம்ப். பழைய மெக்கானிக்குகள் பலருக்கு இரண்டாவதன் பெயர் 'மைக்கோ பம்ப்'. 1951இல் தொடங்கிய அந்த பெங்களூர் கம்பெனி 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பெயர் மாறவில்லை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. 1998 இறுதியில் வந்த டாடா இண்டிகா டீசலில் 22இல் ஒரு பங்கு. நசுங்கிய காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும்போது நாசில் டீசலைப் புகையாகத் தூவ வேண்டும். பழைய வகை எஞ்சின்களிலேயே நாசில் திறக்க வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் தேவை. டீசல் நசுங்காத திரவம் என்பதால் பம்ப் கொடுக்கும் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேருகிறது. குழாய்க்குள் கடுகளவு காற்று இருந்தால் கதை வேறு. பம்பின் உழைப்பு முழுவதும் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகும். குமிழ் சுருங்கும், விரியும், நாசில் திறக்காது. வண்டி 'ஏர் எடுத்துவிட்டது' என்பது இதைத்தான்.

பம்ப் மாற்றிய வண்டியில் ஏர் இருப்பது விதிவிலக்கல்ல, நியதி. அதை வெளியேற்றுவது ஒரு வரிசை. முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை விட வேண்டும். பிறகு ஸ்க்ரூ இருந்தால் இன்ஜெக்ஷன் பம்பில் அதே வேலை. கடைசியாக நாசில் முனையில் உள்ள நட்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்தால், முதலில் குமிழ், பிறகு டீசல். நட்டை முறுக்கிவிட்டால் பெரும்பாலான எஞ்சின்கள் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். டயஃப்ரம் வகை ஃபீட் பம்பில் ஒரு வேடிக்கை உண்டு: எஞ்சின் நின்ற இடத்தில் கேம் மேலே தூக்கியபடி இருந்தால் கை லீவர் தொளதொளவென்று ஆடும், டீசல் வராது. இதைப் பார்த்து ஃபீட் பம்பும் போச்சு என்று தீர்ப்பு எழுதுபவர்கள் உண்டு. எஞ்சினை ஒரு சுற்று கையால் திருப்பிவிட்டு அடித்தால் லீவர் உயிர் பெறும்.

ஏர் எடுத்த பிறகு வண்டி பிடித்து, அரை நிமிடம் ஓடி, மறுபடி நின்றுவிட்டால் காற்று புதிதாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இங்கே டீசல் சொட்டுகிறதா என்று தேடுவது வீண். டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை குழாய் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வாயால் உறிஞ்சும் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்த மாதிரி. சந்தேகப்படும் இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு மாட்டினால் குமிழ்கள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். குற்றவாளி பலமுறை, பழையதையே திருப்பிப் போட்ட செப்பு வாஷர். சில ரூபாய் வாஷருக்குக் கணக்குப் பார்த்து இத்தனை பெரிய செலவைச் சந்தேகத்துக்குள்ளாக்குவது நம் ஒர்க்‌ஷாப்களின் விசித்திரமான சிக்கனம்.

அடுத்த கேள்விக்குப் பதில் சைலன்சரில் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு வித்தியாசம் பாதி வேலையை மிச்சம் பிடிக்கும்.

ஏர் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலை யாரோ தடுக்கிறார்கள். பழைய அம்பாசடர் டீசலில் டாஷ்போர்டு குமிழை இழுத்துத்தான் எஞ்சினை நிறுத்த வேண்டும். புது பம்பில் அந்தக் கேபிளைக் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டிவிட்டால் பம்ப் நிரந்தரமாக 'ஸ்டாப்' நிலையிலேயே இருக்கும். பின்னால் வந்த வண்டிகளில் இந்த வேலையை ஒரு மின்காந்த வால்வு செய்கிறது. சாவியை ஆன் செய்யும்போது பம்ப் பக்கம் 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒயர் மாட்டப்படவில்லை, அல்லது ஃபியூஸ் போயிருக்கிறது. ஒரு டெஸ்ட் லேம்ப் போதும்.

இன்னொன்று, அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது. ரோட்டரி பம்ப் பலவற்றில் டீசல் உள்ளே வரும் போல்ட்டும் மிச்சம் திரும்பிப் போகும் போல்ட்டும் பார்க்க இரட்டைப் பிறவிகள். ஆனால் திரும்பும் போல்ட்டில் ஊசித் துளைதான் இருக்கும். பம்புக்குள் அழுத்தம் நிற்பதற்காக. தலையில் பெரும்பாலும் 'அவுட்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் பம்புக்கு டீசல் பட்டினி, அழுத்தமும் நிற்காது. எத்தனை செல்ஃப் அடித்தாலும் எஞ்சின் முரண்டுதான் பிடிக்கும்.

வெள்ளைப் புகை வந்தால் சந்தேகம் டைமிங் மீது திரும்ப வேண்டும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று. அதாவது முதல் பிஸ்டன் உச்சிக்கு வருவது இரண்டு முறை, டீசல் தூவ வேண்டியது ஒரு முறை. தவறான உச்சியில் பம்பைச் சேர்த்துவிட்டால் எல்லாக் குறிகளும் நேராக இருப்பது போலத் தோன்றும். டீசல் மட்டும் கழிவுப் புகையோடு வெளியேறும். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தாலும் ஸ்டார்ட்டிங் தகராறு. நாசில் குழாய்களை 1-3-4-2 என்ற வரிசை மாற்றி மாட்டினாலும் அதே. பெல்ட்டைத் தொட்ட வண்டியை செல்ஃப் அடிக்கும் முன் கிராங்கை ஸ்பேனர் போட்டு கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பது அவசியம். எங்காவது முட்டினால் நிறுத்திவிடலாம். செல்ஃப் மோட்டாருக்கு அந்த விவேகம் கிடையாது, வால்வை வளைத்துவிடும். டெல்லி ஜனவரியில் என்றால் ஹீட்டர் பிளக்கையும் பார்த்துவிட வேண்டும். பம்ப் மாற்றிய அதே வாரம் அது செத்திருந்தால் பழி பம்ப் மேல்தான் விழும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் வைத்து ஸ்டார்ட் செய்யும் சாலையோர வித்தை, ஈதர் ஸ்ப்ரே அடிப்பது: உள்ளே ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் எஞ்சினில் இது வெடி விபத்துக்கு அழைப்பு. பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடித்தால் மோட்டார் சுருள் கருகும். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஒரு நிமிட ஓய்வு வேண்டும். பம்புக்கு மசகு எண்ணெயே டீசல்தான். அது இல்லாமல் வறட்டுச் சுற்று சுற்றினால், நல்ல நிலையில் வந்த புது பம்ப் நிஜமாகவே கெட்டுப்போகும். அப்போது மெக்கானிக்கின் வாக்கு பலித்துவிடும்!

மேலே சொன்ன நட்டைத் தளர்த்தும் வேலை பழைய பம்புகளுக்கு மட்டும். 2007இல் வந்த ஸ்விஃப்ட் டீசல் போன்ற காமன் ரெயில் எஞ்சின்களில் ஓடும்போது குழாய் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். அந்தப் பீச்சல் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது; ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். இவற்றில் கையை விலக்கி ஸ்கேனரை மாட்டுவதே முறை. செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் சுமார் 200 பாரைத் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்கவே உத்தரவிடாது.

காமன் ரெயிலில் பழைய பம்ப் ஏன் போனது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். உள்ளே தேய்ந்து உடைந்து போயிருந்தால் அதன் உலோகத் தூள் ரெயிலிலும் நாசில்களிலும் திரும்பும் குழாய் வழியே டாங்கிலும் பரவியிருக்கும். பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி போல மினுக்கும். அப்படி மினுக்கினால் டாங்கையும் குழாய்களையும் கழுவி, நாசில்களையும் ரெயிலையும் மாற்றாமல் வெறும் பம்பை மாட்டுவதில் பயனில்லை. புது பம்பும் அதே தூளைத்தான் குடிக்கும். அந்த முழு பில்லைப் போட்டுப் பார்த்துவிட்டு, பத்து வருடம் ஓடிய காரின் சந்தை விலையையும் விசாரித்துவிட்டுத்தான் சொந்தக்காரர் வேலைக்குத் தலையாட்ட வேண்டும்.