துயரமறிந்த நம்பிக்கை

சரித்திரக் காதற்கதைக்கு அரண்மனையும் போர்க்களமும் இன்றியமையாதன அல்ல. கனடிய எழுத்தாளர் ஜெனற் ஓக் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வென் கோல்ஸ் த ஹார்ட்’ நாவலின் தலைவி எலிசபெத், மேற்குக் கனடாவின் நாட்டுப்புறப் பாடசாலையொன்றிற் கற்பிக்கச் செல்லும் ஆசிரியை. தலைவன் குதிரைப் பொலிஸ் படையினன். காதலையும் இறைநம்பிக்கையையும் இணைத்து, வாசகருக்கு ஊக்கமளிப்பது இவ்வகை நாவல்களின் நோக்கம்.

இதனைத் தழுவி 2014இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர், கதையை நிலக்கரிச் சுரங்கச் சிற்றூரொன்றுக்கு மாற்றியது. சுரங்க வெடிப்பிற் கணவரை இழந்த பெண்கள் வாழும் ஊருக்கே ஆசிரியை வந்து சேருகிறாள். இம்மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால், அது பெரும் பொறுப்பையும் சுமத்துகிறது.

அத்தகைய துயரம் வெறுங் கற்பனையன்று. அல்பேர்ட்டா மாகாணத்தின் ஹில்கிறெஸ்ற் சுரங்கத்தில் 1914 யூன் 19ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் 189 பேர் மாண்டனர். காதலர் இணைவது தவறன்று. ஆயின், விதவையர் வீட்டில் மறுநாள் அடுப்பு எரிந்ததா, அச்சாவுகளுக்குப் பொறுப்பேற்றவர் யார் என்ற கேள்விகளை விலக்கி, துயரத்தைக் காதலுக்குப் பின்திரையாக்கும் கதை நம்மை ஊக்குவதில்லை, உறங்க வைக்கிறது. இழப்பின் பாரத்தைக் குறைக்காமற் சொல்லி, அதன் பின்னும் வாழத் துணிவளிப்பதே நல்லிலக்கியம் என்பது என் துணிபு.