டேங்க்

மொட்டைமாடியில் வெயில் குடித்துக்கொண்டு கறுப்பாக உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் உருளைக்கு டேங்க் என்று பெயர். பைக்கில் பெட்ரோல் ஊற்றும் இடமும் டேங்க். கழிப்பறைக்குப் பின்னால் மண்ணுக்குள் கிடப்பது செப்டிக் டேங்க். ராணுவத்தின் இரும்பு யானையும் டேங்க்தான். அவையெல்லாம் வெளியிலிருந்து வந்த சாமான்கள். வந்த பேரோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சுசீந்திரம் குளமும் தேரூர்க் குளமும் அரசாங்கக் காகிதத்தில் டேங்க் ஆகிப் போயினவே, அதுதான் நம் வழக்கு.

அந்தச் சொல் ஆங்கிலத்துக்கே இரவல். குஜராத்திப் பக்கத்துச் சரக்கு என்றும், போர்ச்சுகீசியர் வாய்வழி வந்தது என்றும் அகராதிக்காரர்கள் சொல்வார்கள். வெட்டியும் கரை கட்டியும் நாம் தேக்கிய நீரையெல்லாம் வெள்ளைக்காரன் அந்த ஒரே சொல்லுக்குள் அடைத்தான். அவனுக்கு வரிக்கணக்கு எழுதவேண்டும், பொதுப்பெயர் போதும். 1916-ல் போர்க்களத்தில் இறக்கிய கவச வண்டியை, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி ஒற்றர்களை ஏமாற்ற, அதற்கும் அதே பெயரை வைத்தான். அவன் சாமர்த்தியம் அது. நமக்கு என்ன கேடு?

செங்கல்பட்டுப் பக்கம் ஏரி, தாங்கல். மதுரை, ராமநாதபுரத்தில் கண்மாய், ஏந்தல். குடிப்பதற்கென்று ஒதுக்கியது ஊருணி. அதில் காலை அலம்பினால் ஊர்கூடிக் கேட்பார்கள். சாமிக்குத் தெப்பக்குளம், ஆடுமாட்டுக்குக் குட்டை, பாறையில் ஊறினால் சுனை. கடல் தாண்டினால் வன்னியில் குளம், மட்டக்களப்பில் வாவி. இவை நிகண்டு மனப்பாடம் செய்கிறவனுக்காக அடுக்கி வைத்த வெறும் பெயர்கள் அல்ல. யார் எடுக்கலாம், எதற்கு எடுக்கலாம், யார் தூர் வாரவேண்டும் என்கிற ஊர்ச்சட்டம் அந்தச் சொற்களுக்குள் இருந்தது. டேங்க் என்றதும் சட்டம் கரைந்து போயிற்று.

நாஞ்சில் நாட்டில் எத்தனை ஏக்கர் என்றாலும் குளம்தான். கண்மாய் என்று நமக்கு வாயில் வராது. ஆனால் ஏரியும் ஒரு காலத்தில் புழங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நாகர்கோவிலை ஒட்டிய ஊருக்குப் புத்தேரி என்று பேர் வருமா? புதிய ஏரி, புத்தேரி. ஆட்கள் மறந்ததை ஊர் மறக்கவில்லை.

குளம் என்பது ஒற்றைச் சொல் அல்ல, ஒரு குடும்பம். கரை, மடை, உள்வாய், ஓடை, மறுகால் எல்லாம் சேர்ந்தது. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து குளத்தில் விழும். குளம் மடை வழியே வயலுக்குக் கொடுக்கும். நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழே உள்ள குளத்துக்குப் போகும். மேலே ஒன்றை அடைத்தால் கீழே இன்னொன்று சாகும். பிளாஸ்டிக் டேங்குக்கு மறுகால் உண்டா? நிறைந்தால் ஒழுகும். "மக்கா, மோட்டார நிப்பாட்டு" என்று கீழேயிருந்து ஒரு சத்தம். தீர்ந்தது சோலி.

டேங்க் என்றால் பாத்திரம். பாத்திரத்தைக் கவிழ்க்கலாம், இடம் மாற்றலாம், வேண்டாமென்றால் தூக்கியும் எறியலாம். அப்படி நினைத்துத்தான் சென்னை மாம்பலத்தின் நீண்ட ஏரியை 1920-களில் தூர்த்துத் தியாகராய நகர் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் உண்டு; லேக்கைக் காட்டித் தருகிறவருக்குச் சோடா வாங்கித் தரலாம். மழைக்கென்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவருக்கு, நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976-ல் கோட்டம் எழுப்பினோம். எப்படிப்பட்ட மரியாதை, பாருங்கள்!

குமரி மாவட்டமும் சளைத்ததல்ல. சுசீந்திரம் குளத்தை நெடுஞ்சாலையே பிளந்துகொண்டு போகிறது. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களுக்குள் மண்ணைக் கொட்டியதை எதிர்த்து விவசாயிகள் போராட வேண்டியதாயிற்று. 2021 நவம்பர் மழையில் வயலும் வீடும் மூழ்கியபோது, "தண்ணி ஊருக்குள்ள வந்துட்டு" என்று அழுதோம். தண்ணீர் எங்கே ஐயா வந்தது? ஊர் அல்லவா தண்ணீரின் இடத்துக்குப் போயிருந்தது!

2022-ல் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் ராம்சர் பட்டியலில் ஏறின. சந்தோஷம். உலகப் பெருமைதான். ஆங்கிலப் பெயரில் 'வெட்லேண்ட் காம்ப்ளெக்ஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதிலும் ஒரு பயம். காம்ப்ளெக்ஸ் என்று கேட்டதுமே நம் ஆட்கள் கடை கட்ட டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி விடுவார்களே!

கடைப்பலகையில் ஆங்கிலம் கண்டால் தார் பூசுகிற தமிழ்ப்பற்று நமக்குத் தாராளம். அந்தத் தார்ச்சட்டி வேண்டாம், ஒரு கல் போதும். ஒவ்வொரு குளக்கரையிலும் குளத்தின் பெயர், பரப்பு, எல்லை, மறுகால் பாயும் அடுத்த குளம் எல்லாவற்றையும் தமிழில் வெட்டி நாட்டுங்கள். குளம் கிடந்தால் சொல் தன்னால் பிழைத்துக்கொள்ளும். மறுகால் பாய்வதைக் கண்ணால் கண்டிராத பிள்ளைக்கு எந்த அகராதி அதற்குப் பொருள் சொல்லிக் கொடுக்கும்?