வாடகை பேசுறதுக்கு முன்னாடி குழாயைத் திறந்து பாருங்க!



தாராசுரம், கும்பகோணம் பக்கமிருந்து வேலைக்காக சென்னைக்குப் போற நம்ம பிள்ளைங்க வீடு தேடும்போது கேட்கிற கேள்வி ரெண்டு. "தண்ணி எப்படி வருது? பஸ், ரயில் பக்கமா?" ரெண்டுக்கும் நல்ல பதில் கிடைச்சா வாடகை ஏறிடும்!

சென்னை குடிக்கிற தண்ணியில ஒரு பங்கு நம்ம காவிரித் தண்ணிதான். அணைக்கரையில கொள்ளிடத்துல இருந்து பிரிஞ்சு, வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேல குழாயிலேயே பயணம் பண்ணுது. அவ்வளவு தூரம் வந்த தண்ணி, நம்ம பிள்ளை குடியிருக்கிற மூணாவது மாடிக்கு ஏறலைன்னா என்ன பிரயோஜனம்?

2019 கோடையை மறந்துடாதீங்க. ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணி கொண்டுவர வேண்டிய நிலைமை வந்தது. பளிங்குத் தரை போட்ட வீடும் குடத்தோட வரிசையில நின்னுச்சு.

அதனால வீடு பார்க்கப் போறவங்க கவனிக்க வேண்டியது:

✅ காலை 7 மணிக்குப் போங்க. எல்லா வீட்டுலயும் குழாய் திறந்திருக்கும் நேரம் அதுதான். ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒண்ணா திறந்து பாருங்க.

✅ 10 மீட்டர் உயரத்துத் தண்ணி சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். அதனால தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற கடைசி மாடியிலதான் வேகம் குறைவு. அங்க தனி பம்பு இருக்கான்னு கேளுங்க.

✅ சம்ப் எத்தனை லிட்டர்? கோடையில லாரித் தண்ணிக்குக் காசு யார் கொடுக்கணும்? கரண்ட் போனா மோட்டாருக்கு என்ன வழி?

✅ "ஸ்டேஷனுக்கு 5 நிமிஷம்"ங்கிற விளம்பரத்தை நம்பாதீங்க. ராத்திரி 9 மணிக்கு நீங்களே நடந்து பாருங்க. தெருவிளக்கு எரியுதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இதெல்லாம் தெரிஞ்சு தேர்ந்தெடுக்கிறது நல்லதுதான். ஆனா தேர்ந்தெடுக்கக் கையில காசு வேணுமே! காசு இல்லாதவன் தண்ணியும் வராத, பஸ்ஸும் வராத புறநகருக்குத் தள்ளப்படுகிறான். வாடகையில மிச்சம் பிடிச்சதை லாரித் தண்ணிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கொடுக்கிறான். இதை அவன் தலையெழுத்துன்னு விட முடியாது. நகரத்தைத் திட்டமிட்டவர்கள் செய்த தவறு இது.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துல ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணின்னு மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டியே சொல்லுது. அது சலுகை இல்லை, உரிமை.

நம்ம ஊருக்கும் இதுதான் பாடம். தாராசுரம் 2021-ல் கும்பகோணம் மாநகராட்சியோடு சேர்ந்தாச்சு. சொந்தமா ரயில் நிலையம் இருக்கு. உலகமே பார்க்க வர்ற ஐராவதேஸ்வரர் கோயில் இருக்கு. நாளைக்கு இங்கேயும் அடுக்குமாடி எழும்பும். அன்னைக்கு முழிச்சுக்கிட்டு நிற்கக் கூடாது. இப்பவே கேட்போம்:

👉 எந்தக் குழாயிலிருந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைச் சொல்லாமல் எந்தக் குடியிருப்புக்கும் கட்டட அனுமதி தரக் கூடாது.

👉 புதிய குடியிருப்பு வருமுன் நகரப் பேருந்து வர வேண்டும்.

👉 வாய்க்காலையும் குளத்தையும் தூர்த்து மனை போடக் கூடாது. நிலத்தடி நீர் இல்லாத ஊரில் எத்தனை மாடி கட்டினாலும் குழாயில் காற்றுதான் வரும்.

உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட இந்த மூணையும் கேளுங்க. வீடு தேடுற உங்க தம்பி, தங்கச்சிக்கும் பகிருங்க!

#குடிநீர்_உரிமை #தாராசுரம்