அயல்நாட்டு விருந்தும் அடுத்த தெரு வீடும்

படிப்புக்கும் தொழிலுக்குமாக அயல்நாடு செல்லும் நம் வாலிபர்கள், விடுமுறை நாட்களில் அங்குள்ள ஒரு குடும்பத்தாரிடம் விருந்தாளியாகத் தங்கி, அவர்களோடு உண்டு, அந்நாட்டுத் தேர்தல், வரி, கூலி இவைகளைப் பற்றி வாதாடி வருவது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. இதை மனமார வரவேற்கின்றோம். கடல் கடந்தால் ஜாதி கெட்டுவிடும் என்று சாஸ்திரம் காட்டிப் பயமுறுத்திய காலம் தொலைந்ததே பெரிய லாபந்தான்.

விருந்தாளி என்பதற்காக எல்லாவற்றிற்கும் தலையாட்ட வேண்டியதில்லை. 1932-ல் ஐரோப்பா சென்றிருந்த பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள், இங்கிலாந்தில் மெக்ஸ்பரோ என்னும் ஊரில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில், அந்நாட்டுத் தொழிற்கட்சியை அவர்கள் முகத்துக்கு நேராகவே கண்டித்துப் பேசினார்.

நிற்க, வீட்டுக்காரர் திருப்பிக்கொண்டு, "உங்கள் ஊர் அரசியல் எப்படி?" என்று கேட்டால் சென்னை வாலிபர் என்ன சொல்லுவார்? புளியந்தோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாமா?

1921-ல் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் அதில் சேராமல் வேலைக்குப் போகவே, ஜாதிச் சண்டை மூண்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. முதலாளியும் சர்க்காரும் பிரித்தாண்டார்கள் என்றனர் சிலர். அது மெய்யாகவே இருக்கட்டும். பிரிவினையை முன்னமே உண்டாக்கி வைத்தது யார்? வெள்ளைக்காரனா ஜாதியைக் கப்பலில் ஏற்றி வந்தான்? பகலெல்லாம் ஒரே ஆலையில் உழைத்தவன், மாலையில் சேரியில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டான் என்றால், சங்கத்தில் மாத்திரம் "தோழா" என்று கூப்பிட்டால் எவன் நம்புவான்?

இன்று அந்த ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. ஜாதியை மூடத்தான் நமக்கு மனம் வரவில்லை. லண்டனில் முன்பின் தெரியாதவர் வீட்டுச் சோற்றை ருசித்து உண்டவர், ஊர் திரும்பியதும் வீடு வாடகைக்குக் கொடுக்க ஜாதி விசாரிக்கிறார். பெண் கொடுக்க ஜாதி விசாரிக்கிறார். இவர் கடல் கடந்து என்ன பயன்? பெட்டியும்தான் கடல் கடந்து வந்தது!

ஆகவே வாலிபர்களே! அடுத்த விடுமுறையில் புளியந்தோப்பில் ஒரு வீட்டுக்குச் செல்லுங்கள். உபகாரம் செய்ய அல்ல, விருந்தாளியாகச் செல்லுங்கள். அங்கும் அரசியல் பேசுங்கள். அவர்கள் உங்களைக் கண்டித்தால் காதுகொடுத்துக் கேளுங்கள். பிறகு அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்து, உங்கள் தாய் தந்தையரோடு ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். அதற்குத் துணிவில்லாதவர் அயல்நாட்டில் பேசிவந்த சமத்துவமெல்லாம் வெறும் வாய்ப்பந்தலே என்போம்.