வீட்டைக் கட்டிப் பார்: எஸ்டிமேட்டில் வராத சாதிச் செலவு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்கிற பழமொழியைச் சொல்லாதவர்கள் இல்லை. கம்பி விலை ஏறியது, கொத்தனார் பாதி வேலையில் வேறு வேலைக்குப் போனது, போட்ட கணக்கு இரண்டு மடங்கானது என்று புலம்பும்போதெல்லாம் இந்தப் பழமொழியும் கூடவே வந்துவிடும். சொந்தமாக வீடு கட்டுகிற எல்லோருக்கும் இந்தச் சிரமங்கள் உண்டுதான். ஆனால் அதே அளவு வீட்டை, அதே செங்கல், அதே சிமெண்ட் வைத்து ஊர்த் தெருவில் கட்டுகிறவருக்கும் காலனியில் கட்டுகிறவருக்கும் ஒரே செலவு ஆவதில்லை. இந்த வித்தியாசம் எந்தப் பொறியாளரின் எஸ்டிமேட்டிலும் வராது. ‘கையில் காசு கொடுத்தும் வீட்டை முடிக்கத் தெரியவில்லை’ என்று தலித் மக்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள், முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அரசு தரும் பணத்திலிருந்து தொடங்குவோம். 1985இல் வந்த இந்திரா குடியிருப்புத் திட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டோருக்கான திட்டமாகத்தான் தொடங்கியது. 1993-94க்குப் பிறகுதான் மற்ற ஏழைகளுக்கும் விரிந்தது. அது 2016இல் பிரதமர் குடியிருப்புத் திட்டமாக மாறியபோது, சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். இன்றும் ஒன்றிய அரசின் கணக்கில் அதே தொகைதான். இந்த ஆண்டுகளில் மணல் ஆற்றிலிருந்து காணாமல் போய் எம்-சாண்ட் ஆனது. கொத்தனார் கூலியும் சித்தாள் கூலியும் ஏறின. தொகை மட்டும் நகரவில்லை. பொதுப்பணித் துறை தன் கட்டடங்களுக்கான விலைப் பட்டியலை ஆண்டுதோறும் திருத்துகிறது. ஏழையின் வீட்டுக்கு மட்டும் 2016ஆம் ஆண்டின் விலை போதும் என்றால், அது யாருடைய கணக்கு?

தமிழ்நாடு அரசு இதைவிட மேலே போயிருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் தருகிறார்கள். இப்போது ஒரு சின்னக் கணக்கு. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 360 சதுர அடிக்கு 7,20,000 ரூபாய் ஆகிறது. அரசுப் பணம் போக மீதி 3,70,000 ரூபாய். இந்தப் பணம் எங்கிருந்து வரும்?

மாதச் சம்பளமும் தெளிவான பட்டாவும் உள்ளவருக்கு வங்கி இருக்கிறது. ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டுக்கு 33,300 ரூபாய். கூலி வேலை செய்கிறவரிடம் சம்பளச் சீட்டு இல்லை. அவரிடம் இருக்கும் இலவச மனைப் பட்டாவில் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அதை அடமானம் பிடிக்க வங்கி தயங்கும். பட்டா என்ற காகிதம் கைக்கு வந்து, கிராமக் கணக்கில் பெயர் ஏறாமலே கிடப்பதும் உண்டு. கடைசியில் அவர் போய் நிற்பது மைக்ரோ பைனான்ஸ் வாசலில், அல்லது ஊரில் வட்டிக்கு விடுகிறவர் வாசலில். இரண்டு ரூபாய் வட்டி என்றால் 3,70,000 ரூபாய்க்கு மாதம் 7,400, ஆண்டுக்கு 88,800 ரூபாய். அதே வீடு, அதே கடன். ஆனால் ஒரே ஆண்டில் 55,500 ரூபாய் கூடுதல். அசல் அப்படியே இருக்கும். வட்டிக்கு விடுகிறவர் பெரும்பாலும் நிலம் வைத்திருக்கும் சாதிக்காரர். கடன் தீரும்வரை அவர் வயலில், அவர் சொல்லும் கூலிக்கு வேலை. வீடு கட்டினால் விடுதலை என்று நினைத்தவர், வீட்டாலேயே கட்டுப்பட்டுப் போகிறார்.

அரசுப் பணம் வரும் விதமும் இதில் சேரும். அஸ்திவாரம் போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, தளம் ஒட்டினால் ஒரு தவணை. முதலில் நம் கைக்காசைப் போட வேண்டும், பிறகுதான் அரசுப் பணம். கைக்காசு இல்லாதவர்களுக்கான திட்டம், கைக்காசு இருந்தால்தான் நகரும் என்பது எவ்வளவு பெரிய முரண்! தவணை தாமதமாகும் மாதங்களில் கம்பி துருப்பிடிக்கும், சிமெண்ட் மூட்டை இறுகும், வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

அடுத்தது நிலம். காலனிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஏரிக்கரை ஓரம், ஓடைப் புறம்போக்கு, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளம். ஊர் மேட்டில் இருக்கிறது. பள்ளத்தில் வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் லோடு லோடாக மண் அடித்து மேடாக்க வேண்டும். பேஸ்மென்ட் உயரம் கூட வேண்டும், அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டும். தரைக்கு மேலே ஒரு செங்கல் தெரிவதற்கு முன்பே, கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடுகிறது. தெரு குறுகலென்றால் லாரி உள்ளே வராது. ஜல்லியையும் எம்-சாண்டையும் மெயின் ரோட்டில் கொட்டிவிட்டுப் போவார்கள். அங்கிருந்து டிராக்டரிலோ தலைச்சுமையாகவோ கொண்டுவர இன்னொரு கூலி. ரோட்டில் கொட்டியதற்காக ஊர்க்காரர்களிடம் வாங்கும் பேச்சு தனி.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தளம் போட்டால் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கான்கிரீட் வெடிக்கும். காலனிக் குழாயில் குடிக்கவே தண்ணீர் போதாத இடத்தில், பக்கத்து வயல்காரரின் மோட்டாரைத்தான் கேட்க வேண்டும். கோயில் திருவிழாவிலோ தேர்தலிலோ ஒரு சச்சரவு வந்தால் முதலில் நிற்பது அந்தத் தண்ணீர்தான்.

இந்தப் பள்ளத்தை விட்டு வேறு இடத்தில் மனை வாங்கலாமே என்று கேட்கலாம். பணம் சேர்த்துக்கொண்டு போனாலும் ஊருக்குள் விற்க மாட்டார்கள். ஆதிதிராவிடர்களுக்கு மனை வழங்க நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1978இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் அப்படிக் கொடுத்த மனைகளிலும் பெரும்பாலானவை ஊருக்கு வெளியேதான் அமைந்தன. அப்பாவுக்குக் கிடைத்த மூன்று சென்ட்டில் இன்று மூன்று பிள்ளைகளின் குடும்பங்கள். ஒரு சென்ட் என்பது சுமார் 436 சதுர அடி. அதில் 360 சதுர அடி வீடு கட்டினால் பாத்திரம் கழுவக்கூட இடம் மிஞ்சாது.

இவ்வளவையும் தாண்டிக் கட்டிய வீட்டுக்கு இன்னொரு விலை இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோனது ஒரு குடிசைக்குள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது, வெளிநாட்டு உழைப்பில் வாங்கிய வீட்டுப் பொருட்களைத் தேடித்தேடி உடைத்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் அதையடுத்த தலித் குடியிருப்புகளிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. பெங்களூரு போன்ற நகரங்களில் கூலி வேலை செய்து சேர்த்த காசில் எழுந்த கான்கிரீட் வீடுகள் அவற்றில் இருந்தன. குடிசையில் இருந்தால் இளக்காரம், மாடி எழுப்பினால் ஆத்திரம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஆயுள் தண்டனை வரை இருக்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். தண்ணீரை நிறுத்துவதும் வழியை மறிப்பதும் ‘ஊர்ப் பிரச்சினை’ இல்லை, வழக்குப் போட வேண்டிய குற்றம் என்பதை நம் இளைஞர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. இந்த நாட்டின் வீடுகளைக் கட்டுகிறவர்களில் பெரும்பகுதி நம் மக்கள்தான். செங்கல் சூளையில் கல் அறுப்பதும், சித்தாளாகக் கலவை சுமப்பதும், சென்ட்ரிங் அடிப்பதும் நம் அம்மா அப்பாக்கள். கட்டி முடித்த வீட்டின் பால் காய்ச்சும் நாளில் வாசலில் நிற்பவர்களும் அவர்களே. இந்தத் தொழிலறிவு நம்மிடம் இருக்கிறது. அதை நம் தெருவுக்கு ஒழுங்காகத் திருப்புவது பற்றி யோசிக்கலாம்.

ஐந்து குடும்பங்கள் ஒரே ஆண்டில் கட்டுவதென்றால் செங்கல், சிமெண்டைச் சேர்த்து வாங்கலாம். சென்ட்ரிங் சாமான்களைச் சுழற்சியில் பயன்படுத்தலாம். இருக்கும் பணத்தை அஸ்திவாரத்திலும் தளத்திலும் குறைக்காமல் போட்டுவிட்டு, டைல்ஸையும் பெயிண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய, செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் முறையில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சமாகிறது. சுவரும் சூட்டைக் குறைக்கிறது. மேஸ்திரி உறவினரே ஆனாலும், எந்த மட்டத்துக்கு எவ்வளவு பணம் என்று காகிதத்தில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்த, சொந்த மனை உள்ள தொழிலாளருக்கு வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இது தெரியாமலே அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறைய. சிவில் படிக்கும் நம் தோழர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நாலு வீட்டுக்கு வரைபடமும் எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுக்கட்டும். படிப்பு வட்டம் நடத்துகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பட்டா சரிபார்ப்புக்கும் நலவாரிய விண்ணப்பத்துக்கும் ஒதுக்கட்டும். அம்பேத்கரைப் படிப்பதில் இதுவும் ஒரு பகுதிதான்.

1917இல் பரோடாவில் உயர் பதவியில் சேரப் போன அம்பேத்கருக்கு ஒருவரும் வாடகைக்கு இடம் தரவில்லை. பெயரை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். 1930களில் அவர் பம்பாய் தாதரில் தன் புத்தகங்களுக்காகவே ராஜ்கிருகத்தைக் கட்டினார். யாரும் வெளியேறச் சொல்ல முடியாத ஓர் இடம் மனிதருக்கு எவ்வளவு தேவை என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

ஆனால் நம் ஒற்றுமை, அரசின் பொறுப்புக்கு ஈடாகாது. நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வீட்டுத் திட்டத் தொகையைப் பொதுப்பணித் துறை விலைப் பட்டியலோடு இணைத்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். முதல் தவணையை வேலை தொடங்கும் முன்பே தர வேண்டும். 1974இல் வீட்டுவசதிக்காகத் தொடங்கப்பட்ட தாட்கோ, அந்த வேலைக்குத் திரும்பி, நிபந்தனைப் பட்டாவின் பேரில் குறைந்த வட்டிக்கு வீட்டுக்கடன் தர வேண்டும். பள்ளத்தை மேடாக்குவதும், லாரி போகும் அளவுக்குத் தெரு போடுவதும் ஊராட்சியின் செலவாக வேண்டும், வீடு கட்டுகிறவரின் செலவாக அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, இனி எடுக்கும் மனை நிலம் ஊரோடு சேர்ந்து இருக்க வேண்டும். 1998இல் மேலக்கோட்டையில் திறந்த முதல் சமத்துவபுரத்தில் 100 வீடுகளில் 40 தலித் குடும்பங்களும் மற்ற சாதியினரும் அடுத்தடுத்துக் குடியேற முடிந்ததென்றால், ஒவ்வோர் ஊரின் மனைப்பிரிவிலும் அது முடியும். அரசே நிலம் எடுத்து, அரசே அளந்து, அரசே இன்னொரு சேரியை உருவாக்கிவிட்டு, அதற்கு வீட்டுவசதித் திட்டம் என்று பெயர் வைப்பதை நாம் இனியும் ஏற்க முடியாது.